பெருங்காயம் வைத்த பாண்டம்

கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ரசாயன சாஸ்திரம் போதித்து ஓய்வு பெற்ற என் சிநேகிதர் ஒருவர் கே.கே. நகரில், பி.டி. ராஜன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மூன்றாவது மாடியில் வசிக்கிறார். ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவருடைய மருமான் கிளாஸ்கோவிலிருந்து வரும்போது சுங்கத்தார் அனுமதிக்கும் இரண்டு லிட்டருக்குள் அடக்கிக் கொண்டுவந்த ஒரு புட்டியைத் திறக்கப்போவதாகச் சொல்லி என்னை அழைத்திருந்தார். போய் உட்கார்ந்து கால் மணி நேரமாகியும் புட்டி திறந்தபாடில்லை. அடி பருத்து வாய் குறுகிய இரண்டு சிறு கண்ணாடிக் கோப்பைகள், ஒரு கூஜாவில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், சோதனைச்சாலைக் காலத்தின் ஞாபகார்த்தமாக ஒரு சொட்டுக்குழாய், இவ்வளவுதான் மேஜைமேல் இருந்தன. என் கண்கள் சைடிஷ் எங்கே என்று தேடியதை அவர் கவனித்துவிட்டார்.

"சார், இன்னிக்கு நாக்குக்கு வேலை கம்மி, மூக்குக்குத்தான் வேலை. ஊறுகாயைத் தொட்டா மூக்கு செத்துப்போயிடும்," என்றார்.

நம் ஊரில் மதுவைப் பற்றிப் பேசுவதென்றால் உபதேசமாகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் பரிகாசமாகப் பேச வேண்டும். நடுவே மூன்றாவது வழி ஒன்று இருப்பதாகவே பலருக்குத் தோன்றுவதில்லை. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவி, 1971-ல் கலைஞர் கருணாநிதியின் அரசு அதைத் தளர்த்தி (அவர் பெயரைச் சுருக்கித்தான் நாங்கள் உட்கார்ந்திருந்த பேட்டைக்கே கே.கே. நகர் என்று பெயர் ஏற்பட்டது), 1974-க்குள் அதே அரசு அதை மறுபடி அமலுக்குக் கொண்டுவந்து, 1983-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் மொத்த வியாபாரத்துக்கென்று டாஸ்மாக் பிறந்து, 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் வசமே வந்து சேர்ந்த இந்த நெடிய போக்கில், குடிப்பவனுக்கு அவசரமும் ஒளிவும் பழக்கமாயினவே தவிர, நின்று ருசி பார்க்கும் அவகாசம் பழக்கமாகவில்லை. கம்பி வலைக்குள் கை நீட்டி வாங்கிய குவார்ட்டரை, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கலந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கி, முகத்தைச் சுளித்து, விரல் நுனி ஊறுகாயை நாக்கில் தடவிக்கொள்கிறவன் ருசியை விட்டுத் தப்பி ஓடுகிறான் என்றே சொல்ல வேண்டும். அவனைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு போன்றவற்றிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் வாசனையும் ஊட்டிய அந்தத் திரவத்தில் நின்று தேடிப் பார்க்க அதிகம் ஒன்றும் கிடையாது. குடியினால் குடும்பங்கள் பட்ட பாட்டை அறியாதவனல்ல நான். அதற்கு வக்காலத்து வாங்கவும் இதை எழுதவில்லை. மூக்கு என்னும் இந்திரியத்தின் சாமர்த்தியத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை. அதற்கு அன்றைக்கு வாய்த்த சந்தர்ப்பம் விஸ்கியாக இருந்தது.

புட்டியின்மேல் இரட்டைச் சிங்க முத்திரை இருந்தது: கிளாஸ்கோ நகரத்து வைட் அண்ட் மெக்கே. அது கலப்பு விஸ்கி. அதிலும் ஷெர்ரி என்னும் ஒயின் ஊறியிருந்த பீப்பாய்களில் கடைசியாகச் சில காலம் வைத்து மெருகேற்றியது. இந்தக் கடைசி மெருகைத்தான் அந்தத் தொழிலில் 'ஃபினிஷ்' என்கிறார்கள்.

கலப்பு என்றதும் கலப்படம் என்று எண்ணிவிடக் கூடாது. சென்னைவாசிக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம். காப்பிப்பொடிக் கடையில் போய் நின்று, பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, நூற்றுக்கு இருபது சிக்கரி என்று சொல்லி, அரைக்கும் இயந்திரத்திலிருந்து சூடாக வரும் பொடியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வருகிற மனிதர், தம்மை அறியாமலே கலவை சாஸ்திரத்தில் பாதித் தேர்ச்சி பெற்றவர்தான். விஸ்கியில் இரண்டு வம்சங்கள் உண்டு. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, நொதிக்கவைத்து, செம்புப் பானைகளில் இரண்டு தரம் வடிப்பது மால்ட் விஸ்கி. அது குணமும் பிடிவாதமும் உள்ளது. மக்காச்சோளம், கோதுமை முதலிய தானியங்களை உயரமான தூண் போன்ற கலத்தில் ஓயாமல் வடித்தெடுப்பது தானிய விஸ்கி, அது சாது. அந்தத் தூண் கலத்துக்கு 1830-ல் காப்புரிமை பெற்றவர் அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஈனியாஸ் காஃபி என்பவர்; பெயர் இப்படி வாய்த்தது அவருடைய அதிர்ஷ்டம், உவமானம் தேடிக்கொண்டிருந்த எனக்கும் அதிர்ஷ்டம். எடின்பரோவில் ஆண்ட்ரூ அஷர் 1853-ல் பல பீப்பாய்களின் மால்ட்டைச் சேர்த்து விற்றுக் காட்ட, 1860-ல் வந்த சட்டம் மால்ட்டையும் தானிய விஸ்கியையும் வரி கட்டுவதற்கு முன்பே சேர்த்துக்கொள்ள இடங்கொடுத்தது. அன்று முதல் உலகத்தார் ஸ்காட்ச் என்று சொல்லிக் குடித்துவருவதில் பெரும்பகுதி இந்தக் கலவைதான்.

இனி ஷெர்ரி. ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில் ஹெரெஸ் என்ற ஊரைச் சுற்றி விளையும் வெள்ளைத் திராட்சையின் ஒயின் அது. தூத்துக்குடி டூட்டிகொரின் ஆன மாதிரி ஹெரெஸ் ஆங்கிலேயர் நாக்கில் புரண்டு ஷெர்ரி ஆயிற்று. ஒயினில் திராட்சைச் சாராயம் கொஞ்சம் சேர்த்து வலுவேற்றுவார்கள். வலு சுமார் 15 சதவிகிதத்தோடு நின்றால், பால்மேல் ஆடை படர்வதுபோல் ஒயின்மேல் ஈஸ்ட் படர்ந்து, காற்றுப் படாமல் அதைக் காத்து, வெளிறிய மெல்லிய ஃபினோவாக ஆக்கும். வலுவை 17-க்கு மேல் ஏற்றிவிட்டால் அந்த ஆடை பிழைக்காது. காற்றும் காலமும் வேலை செய்து, ஒயின் பழுப்பேறி, வாதுமைப் பருப்பும் உலர்ந்த பழமும் மணக்கும் ஒலொரோசோ ஆகும். ஒலொரோசோ என்ற சொல்லுக்கு ஸ்பானிய பாஷையில் மணமுள்ளது என்றே பொருள். பெட்ரோ ஹிமெனெஸ் என்னும் மற்றொரு வகையில், பறித்த திராட்சையை நம் வீட்டு மொட்டைமாடி வடாம்போல் பாயில் பரப்பி வெயிலில் சுண்டவைத்துப் பிழிகிறார்கள். ஊற்றினால் கருப்பட்டிப் பாகுபோல் கம்பி இழுக்கும்.

முற்காலத்தில் இந்த ஒயின் பீப்பாயோடு கப்பலேறி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் வந்துகொண்டிருந்தது. ஒயின் தீர்ந்ததும் காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்புவது வீண் செலவு. அது சல்லிசாக விஸ்கிக்காரன் கைக்குப் போயிற்று. அவன் அதில் தன் சரக்கை நிரப்பி, வருஷங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, நிறமற்றிருந்த சாராயம் செந்தேன் நிறமாகி உலர்திராட்சை மணத்தது. பெருங்காயம் வைத்த பாண்டம் என்று நாம் சொல்லுவோமே, நொடித்துப்போன பெரிய மனிதர் குடும்பத்தைப் பற்றி, பரிதாபமும் மரியாதையும் கலந்து. அந்த வாசகத்தின் நேர்ப்பொருளை இத்தனை லாபகரமாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களைப்போல் வேறு யாரும் இல்லை. 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று ஏற்பட்டதும், தற்செயலாய்க் கிடைத்துவந்த பாண்டம் நின்றுபோயிற்று. இன்று நடப்பதே வேறு. விஸ்கிக் கம்பெனிகள் ஹெரெஸில் புதிதாகப் பீப்பாய் செய்வித்து, அதில் ஷெர்ரியை ஒன்றரை இரண்டு வருஷம் ஊறவைத்து, பிறகு ஷெர்ரியை வெளியேற்றிவிட்டுப் பீப்பாயை மட்டும் எடுத்துப்போகின்றன. வெளியேற்றிய ஒயின் பெரும்பாலும் காடியாகவோ, வடித்த சாராயமாகவோ மாறுகிறது. டப்பா மணப்பதற்காகவே பெருங்காயம் வாங்குவது என்ற நிலைமை! ஐந்நூறு லிட்டர் கொள்ளும் அத்தகைய பீப்பாய், அமெரிக்கா கழித்துவிடும் சிறிய பூர்பன் விஸ்கிப் பீப்பாயைவிடப் பல மடங்கு விலை என்பதில் ஆச்சரியமில்லை.

முழு ஆயுளையும் இத்தனை விலையேறிய மரத்தில் கழிக்கவைப்பது எல்லோருக்கும் கட்டுபடியாகாது. ஆகவே பூர்பன் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியைக் கடைசிச் சில மாதங்கள், அல்லது ஓரிரு வருஷங்கள் மட்டும் ஷெர்ரி மரத்தில் குடியேற்றுகிற வழக்கம் வந்தது. பால்வெனி என்னும் வடிசாலையில் டேவிட் ஸ்டூவர்ட் என்னும் கலவை நிபுணர் 1980-களின் தொடக்கத்தில் இதை முறையாகச் செய்துகாட்டினார். நம் கையிலிருந்த கிளாஸ்கோப் புட்டியின் வழி சற்றுப் பழையது: பல மால்ட்டுகளை முதலில் ஒன்றுகூட்டி ஷெர்ரி மரத்தில் இளைப்பாறவிட்டு, பிறகு தானிய விஸ்கியோடு சேர்த்து இன்னொரு தரம் மரத்தில் வைப்பது. இப்படிக் கூட்டி வைப்பதைத் தொழிலில் கலியாணம் என்றே சொல்லுகிறார்கள். தமிழில் மணம் என்ற ஒரே சொல் இரண்டு காரியத்தையும் செய்துவிடுகிறது. அவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

இந்தப் புட்டிக்கும் நம் பட்டணத்துக்கும் ஒரு தூரத்து உறவு உண்டென்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1826-ல் ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில், இறக்குமதி மதுவும் புகையிலையும் விற்க ஒரு வர்த்தக நிலையம் தொடங்கினார். 1898-ல் அது கம்பெனியாயிற்று. 1951-ல் விட்டல் மல்லையாவின் கைக்கு வந்தது. அந்த மெக்டவல் பெயர்தான் பின்னால் நம் நாட்டு மதுக்கடைகளிலெல்லாம் குடியேறியது. விட்டல் மல்லையாவின் குமாரர் விஜய் மல்லையாவின் காலத்தில், 2007-ல், அதே பரம்பரையில் வந்த யுனைடெட் ஸ்பிரிட்ஸ் கம்பெனி 595 மில்லியன் பவுன் கொடுத்து வைட் அண்ட் மெக்கேயையே வாங்கிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரன் சென்னைக்கு வந்து கடை போட்டதற்கு நூற்றெண்பது வருஷம் கழித்து எதிர்மொய் வைத்ததுபோல இருந்தது. பிறகு டியாஜியோ என்ற பெரிய மீன் யுனைடெட் ஸ்பிரிட்ஸை விழுங்க, பிரிட்டிஷ் போட்டி விவகார அதிகாரிகள் ஆட்சேபிக்க, 2014-ல் வைட் அண்ட் மெக்கே 430 மில்லியன் பவுனுக்குப் பிலிப்பைன்ஸ் தேசத்து எம்பெரடார் கம்பெனிக்குக் கைமாறியது. வாங்கியவர்கள் அடுத்த இரண்டு வருஷத்துக்குள் ஹெரெஸில் ஃபண்டடோர் என்னும் பழைய ஒயின் சாலையையும் வாங்கிக்கொண்டார்கள். விஸ்கியும் அவர்களுடையது, அதை மணக்கவைக்கும் பீப்பாயின் ஊரிலும் அவர்களுக்கு வீடு. கணக்கு தெரிந்தவர்கள்.

இதையெல்லாம் நான் எண்ணி முடிப்பதற்குள் சிநேகிதர் ஒருவழியாகத் தக்கையைத் திறந்து, கோப்பைக்குச் சுமார் 15 மில்லி, அதாவது நம்மவர் பெக் என்று சொல்வதில் பாதி, ஊற்றியிருந்தார். முதலில் ஊற்றியதைச் சுழற்றிக் கோப்பையை அலம்புவது ஒரு வழக்கம். இந்தக் கம்பெனியில் பல்லாண்டு கலவை நிபுணராக இருந்தவரும், தமது மூக்கை இன்ஷ்யூர் செய்துகொண்டவருமான ரிச்சர்ட் பேட்டர்சன், அலம்பியதைத் தரையிலேயே வீசிவிடுவார். கே.கே. நகரில், அன்றைக்குத்தான் துடைத்த மொஸைக் தரையில் அது நடக்காது என்பதை நன்கு உணர்ந்த என் சிநேகிதர், எழுந்துபோய் வாஷ்பேசினில் கொட்டிவிட்டு வந்து, மறுபடி ஊற்றினார்.

நிறத்தைப் பார்த்து நான் வியந்ததும் கையமர்த்தினார். ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரை சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஆகையால் கண் சொல்வதை நம்பக் கூடாது. பிறகு மூக்கு. கோப்பைக்குள் மூக்கை நுழைத்தால் சாராய நெடி ஊசிபோல் ஏறும். விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, உதடுகளைச் சற்றே பிரித்து, மெதுவாக இழுக்க வேண்டும். சென்னையின் புழுக்கம் இதற்கு விரோதி. சூட்டில் சாராயம் முந்திக்கொள்ளும். அதற்குப் பயந்து ஐஸ் கட்டியைப் போட்டாலோ மணம் முழுவதும் உறங்கிப்போகும். ஆகவே கோப்பைகளை வைத்துவிட்டு, ஏசியை ஓடவிட்டு, பத்து நிமிஷம் காத்திருந்தோம். இந்தச் சூடுதான் பீப்பாயிலும் வேலை செய்கிறது என்றார் அவர். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்குதான் ஆவியாய்ப் போகும். பெங்களூரில் பத்துக்கு மேல் போகும். 2004-ல் கிளாஸ்கோவிலேயே போய்த் தன் மால்ட்டை அறிமுகம் செய்த பெங்களூர் அம்ருத் வடிசாலை, பிற்பாடு ஷெர்ரிப் பீப்பாயிலும் கைவைத்து வெற்றி கண்டதற்கு, நம் நாட்டில் மரமும் சாராயமும் அவசரமாகப் பழகிவிடுவது ஒரு காரணம்.

பத்து நிமிஷம் கழித்து மணம் இறங்கி வந்தது. முதலில் கமலா ஆரஞ்சின் தோலை நகத்தால் கிள்ளினாற்போல ஒரு பளிச்சென்ற எண்ணெய் வாசனை. அதன் பின்னால் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் தருணம். அதற்கும் அடியில் நெய்யில் பொரிந்து உப்பிய திராட்சை. சொட்டுக்குழாயால் ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் விட்டதும் திராட்சை இன்னும் மேலே வந்தது. மணந்தரும் மூலக்கூறுகள் சிலவற்றைச் சாராயம் தன்னுள்ளே இழுத்து வைத்துக்கொள்வதாகவும், தண்ணீர் சேர்ந்தால் அவை மேற்பரப்புக்கு வந்துவிடுவதாகவும் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2017-ல் கணித்துச் சொன்னதை அவர் எடுத்துக் காட்டினார். தொழில் நிபுணர்கள் விஸ்கியைத் தண்ணீர்விட்டு 20 சதவிகித வலுவுக்கு இறக்கி, பெரும்பாலும் முகர்ந்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள், விழுங்குவதில்லை.

நாங்கள் நிபுணர்களல்லவாதலால் விழுங்கினோம். ஒரு ஸ்பூன் அளவு, நாக்கு முழுவதும் பரவவிட்டு. தானிய விஸ்கியின் வழவழப்புத்தான் முதலில் தெரிந்தது. பாகின் இனிப்பு கொஞ்சம் அதிகம் என்றே என் அபிப்பிராயம். நடுவில் இலவங்கம் எட்டிப் பார்த்தது. வாதுமைத் தோலின் துவர்ப்பு அண்ணத்தில் லேசாக ஒட்டியது. பிறகு, நல்ல கச்சேரியில் மங்களம் பாடாமல் வித்வான் எழுந்துவிட்டதுபோல், சீக்கிரமே எல்லாம் அடங்கிவிட்டது. ஷெர்ரி இதில் கிரகஸ்தனல்ல, விருந்தாளி. வந்தான், சிரித்துப் பேசினான், போய்விட்டான். விலைக்கு அது நியாயமே என்றார் சிநேகிதர்.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் சிறு தர்க்கம் மூண்டது. அவர் வைத்திருந்த வெளிநாட்டுப் புஸ்தகம் ஷெர்ரி மரத்தின் மணத்துக்குக் கிறிஸ்துமஸ் கேக், அத்திப்பழ ஜாம், பழைய தோல் நாற்காலி என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. நான் ஜன்மத்தில் தோல் நாற்காலியை முகர்ந்ததில்லை என்றேன். முகர்ந்ததாகப் பாவித்துக்கொள்ளலாமே என்றார். பாவித்துக்கொண்டு முகர்வதற்கு மூக்கு எதற்கு?

அப்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பால்கனியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்த அவர் மனைவி, ஹாலைக் கடக்கும்போது நின்று, மூக்கைச் சுருக்கினார்.

"ஏங்க, திராட்சாரிஷ்டம் வாசனை அடிக்குதே, யாருக்கு வயிறு சரியில்லை?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உலர்திராட்சையைக் கஷாயமாகக் காய்ச்சி, வெல்லம் கரைத்து, ஏலம், பட்டை, சிறுநாகப்பூ, மிளகு, திப்பிலி முதலியவற்றைப் பொடித்துப் போட்டு, தாதகிப்பூவின் துணையால் மூடிய பாண்டத்தில் வாரக்கணக்கில் தானே நொதிக்க விடுவதுதான் திராட்சாரிஷ்டம். அதிலுள்ள கொஞ்ச மது வெளியிலிருந்து சேர்ப்பதல்ல, உள்ளே பிறப்பது. வெயிலில் சுண்டிய திராட்சை, இனிப்பு, பட்டையும் இலவங்கமும் போன்ற மரவாசனை, காலம்: ஹெரெஸ் ஊர்க்காரன் வைத்திருக்கும் சாமான்களும் ஏறக்குறைய இவைதான். 1944-ல் வைத்தியர்கள் கூட்டுறவாகத் தொடங்கி இன்று திருவான்மியூரில் இருக்கும் இம்காப்ஸ் போன்ற மருந்துச் சாலைகளின் அரிஷ்டப் புட்டி இல்லாத அலமாரி நம் தாய்மார் காலத்தில் குறைவு. அந்த அலமாரியைத் திறந்து வளர்ந்த மூக்குக்கு வேறு புஸ்தகம் எதற்கு? ராம்பூர் விஸ்கிக்காரர்கள், ஒயின் பீப்பாயில் மெருகேற்றிய தங்கள் சரக்கு ஒன்றுக்கு ஆசவா என்று வைத்தியப் பெயரே சூட்டியிருக்கிறார்கள்.

அம்மாள் துணிகளைச் சோபாவில் போட்டுவிட்டு, உள்ளே போய், ஃபிரிஜ்ஜின் தலைமேலிருந்த புட்டியை எடுத்துவந்தார். சிநேகிதர் மூன்றாவது கோப்பை ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் ஒரு மூடி அரிஷ்டம் ஊற்றி, விஸ்கிக்குப் பக்கத்தில் வைத்தார். மாற்றி மாற்றி முகர்ந்தோம். அரிஷ்டத்தில் திப்பிலியின் உறைப்பும் வெல்லத்தின் புளிப்பேறிய கனமும் முன்னே நின்றன; விஸ்கியில் ஆரஞ்சுத் தோல் முன்னே நின்றது; இரண்டின் அடியிலும் இருந்த திராட்சை சந்தேகமில்லாமல் ஒரே வம்சம். சிநேகிதர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு புஸ்தகத்தைத் திறந்து, தோல் நாற்காலி என்று அச்சிட்டிருந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

அம்மாள் அரிஷ்டப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே, "இது சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு ஸ்பூன், அவ்வளவுதான். உங்களோடது எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார்.

சிநேகிதர் சொட்டுக்குழாயை எடுத்து, கோப்பையில் மீதியிருந்ததை அளக்க ஆரம்பித்தார்.